கடைசி 3 மீட்டர்

அன்புள்ள கயல்,

கால்பந்தில், பந்து வைத்திருப்பவனைக் கண்டதும் நீ பயிற்சி கொடுக்கும் பிள்ளைகள் பாய்ந்து விழுகிறார்கள், அவன் ஒரே தட்டில் தாண்டிப் போய்விடுகிறான் என்று எழுதியிருந்தாய். 10, 12 வயதில் அப்படித்தான் இருக்கும். டேக்கிள் அடிப்பதுதான், அதாவது காலை விட்டுப் பந்தைப் பறிப்பதுதான், தடுப்பாட்டம் என்று அவர்கள் நினைப்பு. அதனால் முதல் வாரம் டேக்கிள் என்ற பேச்சையே எடுக்காதே. எதிராளியை நெருங்குவதை மட்டும் சொல்லிக்கொடு.

எதிராளியை நோக்கிப் பந்து உருண்டு போகிற நேரம்தான் நமக்கு ஓடக் கிடைக்கிற நேரம். பந்து அவன் காலில் சேர்வதற்குள் முழு வேகத்தில் ஓடி இடைவெளியைக் குறைத்துவிட வேண்டும். கடைசி 3 மீட்டரில் காலடிகள் சின்னதாகி, முழங்கால் மடங்கி, இடுப்பு தாழ வேண்டும். பிள்ளைகள் கோட்டை விடுவது இங்கேதான். வந்த வேகத்தோடு போனால் உடம்பின் பாரம் முன்னால் சாய்ந்திருக்கும். அவன் பந்தைப் பக்கவாட்டில் தட்டினால் நம் பிள்ளையால் திரும்பவே முடியாது.

எவ்வளவு தூரத்தில் நிற்பது? சுமார் ஒன்றரை மீட்டர். மீட்டர் கணக்கு பிள்ளைகளுக்குப் புரியாது. "கையை நீட்டினால் ஆள் எட்டக்கூடாது, ஒரு எட்டு வைத்துக் காலை நீட்டினால் பந்து எட்டணும்" என்று சொல். இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில் இருந்தால் பந்து கால்களுக்கு நடுவே போய்விடும். ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே, உடம்பு சாய்வாக. எதிராளியை நம் வலப்பக்க ஓரத்துக்குத் தள்ள வேண்டுமென்றால் இடது கால் முன்னே இருக்கட்டும். அது உள்பக்கத்தை, அதாவது மைதானத்தின் நடுப்பக்கத்தை, அடைக்கும், வெளிப்பக்கம்தான் வழி என்று காட்டும். ஓடி வருவதும் நேராக இல்லாமல், உள்பக்கத்தை மறைத்தபடி லேசாக வளைந்து வந்தால் பாதி வேலை முடிந்தது.

கண் பந்தின்மேல். அவன் தோளையும் காலையும் எத்தனை ஆட்டினாலும் பந்து நகராதவரை ஒன்றும் நடக்கவில்லை. பின்வாங்கும்போது கால் மேல் கால் குறுக்கே போகாமல் பக்கவாட்டில் நகர வேண்டும். அவன் வேகம் குறைத்தால் நாமும் குறைக்க வேண்டும்.

பந்தை எடுக்கும் தருணம், அவன் தட்டிய பந்து அவனுடைய அடுத்த எட்டையும் தாண்டி ஓடும்போது வரும். அப்போது பந்துக்கு அருகிலுள்ள காலால், உடம்புப் பாரத்தைப் பின்காலில் கொடுத்துத் தட்ட வேண்டும். தரையில் சறுக்குவது இந்த வயதில் வேண்டாம். தவறிப்போனால் பந்தின் பின்னாலேயே துரத்தாமல், பந்துக்கும் கோலுக்கும் நடுவில் போய்ச் சேர ஓட வேண்டும்.

பயிற்சிக்கு 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலத்தில் கோன் வைத்துக் கட்டம் போடு. தடுப்பவரே எதிர்முனைக்குப் பந்தை அனுப்பிவிட்டு ஓட வேண்டும். முதல் 10 நிமிடம் டேக்கிள் கிடையாது. தடுப்பவர், தன் பின்னால் உள்ள கோட்டை எதிராளி தாண்டாமல் 5 விநாடி நிறுத்தினாலே 1 புள்ளி. சட்டையை இழுக்கிற பிள்ளைக்கு இரண்டு கையிலும் கைக்கொரு துணித்துண்டு கொடு, பிடிக்கக் கை இருக்காது! அதன்பிறகு பந்தைப் பறிக்கலாம். பறித்துக்கொண்டு எதிர்க்கோடுவரை ஓட்டிப்போனால் 2 புள்ளி. வெளியே உதைத்துவிட்டால் 1. தடுப்பவர் தோற்றுக்கொண்டே இருந்தால் அகலத்தை 6 மீட்டராகக் குறை. எப்போதும் ஜெயித்தால் கூட்டு. ஒரு கட்டத்துக்கு 3 ஜோடிக்கு மேல் வேண்டாம், வரிசையில் நின்றே நேரம் போய்விடும்.

நம் கோலுக்கு முதுகு காட்டி நிற்கும் எதிராளி வேறு கணக்கு. அவன் முதுகில் ஒட்டினால் நம்மைச் சாய்மானமாக வைத்துச் சுழன்று போய்விடுவான். ஒரு கை தூரம் விட்டு நின்று, அவன் திரும்ப முடியாமல் வைத்திருந்தால் போதும். கோலுக்கு அருகில் மட்டும் இடைவெளியை இன்னும் குறைத்து, அவன் உதைக்கும் காலின் பக்கத்தை அடைக்க வேண்டும்.

வெளியிலிருந்து "எடு, எடு" என்று கத்தாதே. பெற்றோரையும் கத்தவிடாதே. அந்தச் சத்தத்துக்குத்தான் பிள்ளை பாய்கிறது. "இரு", "இப்போ" என்ற இரண்டு சொல் போதும். வேகமான பிள்ளையையும் மெதுவான பிள்ளையையும் தொடர்ந்து ஒரே ஜோடியில் வைக்காதே. 3 முறைக்கு ஒருதரம் மாற்று.

அன்புடன்,
அப்பா