நாற்பத்தெட்டுதான் வந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஆயாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். பங்குனி பிறக்கும் முன்பே மொட்டை மாடியில் கால் வைக்க முடியவில்லை. நீ வருவாய் என்று அம்மா முள்ளு கத்தரிக்காய் வாங்கி மூன்று நாள் வைத்திருந்து, வாடிப்போகவே நேற்று குழம்பு வைத்துவிட்டாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுக்காததற்கு உனக்கும் காரணம் இருக்கும்.

லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிட்டாயா? "விடையே வரலப்பா" என்று சொல்லிப் போனை வைத்தாய், 18 நாள் ஆகிறது. விடை வராவிட்டால் போகட்டும். வெர்னியர் அளவுகோலைப் பார்த்த உடனே நோட்டில் எழுது. மனதில் வைத்துக்கொண்டு அடுத்த ரீடிங்குக்குப் போகாதே. தப்பென்று தோன்றினால் ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுது, ரப்பரைத் தொடாதே. சோடியம் விளக்கு முதலில் சிவப்பாகத்தான் எரியும். நன்றாக மஞ்சளாகிற வரை பொறு. உனக்குத்தான் பொறுமையே கிடையாது. சாப்பாட்டிலும் அப்படித்தான்.

31 வருடம் லேபில் நான் துடைத்து வைத்த ஸ்பெக்ட்ரோமீட்டரில், மாணவியாகக் கண் வைத்துப் பார்த்தவர் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான். சித்தப்பாவிடம் இதை எத்தனை தடவை சொன்னேன் என்று அம்மாவைக் கேள். ஹாஸ்டலுக்கு அவள் வளையலைக் கழற்றியதைச் சொல்லிக் காட்டவில்லை. சரி, சொல்லிக் காட்டியது போல ஆகிவிட்டது, விடு.

சொல்ல வந்தது வேறு. நீ பிறப்பதற்கு முன் ஒரு ப்ராக்டிகல் பரீட்சை. குடியாத்தம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிற பெண், வயதில் உன்னைப்போலத்தான். ஜன்னல் வழியாக மலையைத் தலைகீழாகப் பார்த்து டெலஸ்கோப்பைச் சரி செய்தாள், ரசமட்டம் வைத்துப் பிரிசம் மேசையைச் சமன் செய்தாள், எல்லாம் ஒழுங்கு. பிரிசத்தில் ஒளி திரும்புகிற குறைந்தபட்ச விலகு கோணம் அவளுக்கு 48 டிகிரி 12 நிமிடம். எங்கள் பிரிசங்களுக்கு வருடா வருடம் 38, 39தான் வரும். பக்கத்தில் போய், "பத்து டிகிரி தப்பாப் படிச்சிருக்கம்மா" என்று காதோடு சொன்னேன். உதவி செய்கிறதாகத்தான் நினைப்பு. அவள் திரும்பவும் பார்த்தாள். "அண்ணா, நாற்பத்தெட்டுதான் வருது" என்றாள். "நான் எத்தனை வருஷமா பார்க்கிறேன், மாத்து" என்றேன். இரண்டு வெர்னியரிலும் பத்தைக் கழித்து, மேலேயே திருத்தி எழுதினாள். பரீட்சை நடத்த வெளியிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் அந்தத் திருத்தலைப் பார்த்துவிட்டு, ரீடிங்கை நீயே சமைத்து எழுதியிருக்கிறாயா என்று எல்லோர் எதிரிலும் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் விளக்கை அணைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் எடுத்து வைக்கும்போது பார்த்தால், அந்த மேசையில் இருந்தது ஒளியை அதிகமாக வளைக்கிற ஃபிளிண்ட் கண்ணாடி. வேறு பெட்டியிலிருந்து காலையில் நானே மாற்றி எடுத்து வைத்திருக்கிறேன். ஒளிவிலகல் எண் 1.62. அறுபது டிகிரி பிரிசத்துக்கு 48 வராமல் என்ன வரும்? எக்ஸ்டர்னல் அப்போது கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். படி இறங்கிப் போய்ச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று பயந்து பிரிசத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டேன். அந்தப் பெண் அதற்குப்பின் லேபில் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அம்மாவுக்குக்கூட இது தெரியாது.

அதனால்தான் சொல்கிறேன், அழிக்காதே. உனக்கு என்ன வந்ததோ அதை எழுது. லேபுக்கே போகவில்லை என்றாலும் அதையும் எழுது, நான் கத்த மாட்டேன். அம்மா கத்துவாள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் காட்பாடி ஸ்டேஷனில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது. சென்னை வண்டிகள் எல்லாம் வந்து போகிற வரைக்கும் அங்கேதான் இருப்பேன்.

இப்படிக்கு,
அப்பா