மணி அடித்த நடுவருக்கும் உடனிருந்த அனைவருக்கும் நன்றி

அன்பிற்குரியவர்களே,

காயம்பட்டுக் கிடந்த காலத்தில் என் நிலை எப்படி இருந்தது என்பதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள் என்பதால், அதை மறுபடி விவரிக்கப் போவதில்லை. சென்ற வாரம் 10,000 மீட்டர் ஓட்டத்தை இறுதிவரை ஓடி முடித்தேன். ஓடியவர்களில் கடைசியாகத்தான் வந்தேன். ஆனாலும் இவ்வளவு நிறைவோடு நான் எல்லைக்கோட்டைக் கடந்ததில்லை.

எலும்பைச் சேர்த்த மருத்துவர், வலியின் அளவை என் முகத்தைப் பார்த்தே கணித்த பிசியோதெரபிஸ்ட், தரையில் கால் ஊன்றக் கூடாத மாதங்களில் நீச்சல் குளத்து நீரில் ஓடவைத்து மூச்சுத்திறன் குன்றாமல் காத்த பயிற்றுநர், தேற்றுவதற்காகக்கூடப் பொய் சொல்லாத குடும்பத்தார், ஒரு காலத்தில் என்னோடு கடுமையாகப் போட்டியிட்டு இப்போது என் மெதுவான பயிற்சி ஓட்டங்களுக்குத் துணைவந்த சக வீரர்கள் ஆகிய உங்கள் அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இந்த மடலின் பெரும்பகுதியை, என்னை முன்பின் அறியாத ஒருவருக்குத் தர விரும்புகிறேன். நீங்களும் அதற்கு இசைவீர்கள் என்று நம்புகிறேன்.

அவர் அன்று சுற்றுகளைக் கணக்கிட்ட நடுவர். 10,000 மீட்டர் என்பது 25 சுற்றுகள். எல்லைக்கோட்டருகே உள்ள பலகை, முன்னணியில் ஓடுபவருக்கு இன்னும் எத்தனை சுற்றுகள் என்பதையே காட்டும். சுற்றுக்கணக்கில் பின்தங்கியவருக்கு அந்த எண் பொருந்தாது. அப்படிப்பட்டவருக்கு மீதிச் சுற்றுகளைத் தனியே தெரிவிக்க வேண்டும், கடைசிச் சுற்றுக்கான மணி ஒவ்வொருவருக்கும் ஒலிக்க வேண்டும் என்பதே முறை. ஆயினும் வென்றவர் ஓடி முடித்ததும் அரங்கின் கவனம் அவரோடு போய்விடுவதால், கடைசி ஆள் தன் சுற்றுகளைத் தானே எண்ணிக்கொண்டு ஓட நேர்வதும் உண்டு. களைப்பு முற்றிய நிலையில், எஞ்சியிருப்பது இரண்டா மூன்றா என்ற ஐயம் கால்வலியைவிடக் கொடியது.

அந்த அம்மையார் எனக்கு அந்த ஐயம் வர விடவில்லை. நான் கடந்த ஒவ்வொரு முறையும் ஓடுபாதையின் ஓரத்துக்கு வந்து, என் கண்ணில் படும்படி விரல்களை உயர்த்தி, என் சட்டையில் இருந்த எண்ணைச் சொல்லி அழைத்து, மீதிச் சுற்றுகளை உரக்கச் சொன்னார். மற்ற அனைவரும் முடித்துவிட்ட பிறகு நான் கடைசிச் சுற்றில் நுழைந்தபோது, முதலில் வந்தவருக்கு அடித்த அதே வலுவோடு எனக்காகவும் மணியை அடித்தார். பட்டங்கள் வென்ற ஆண்டுகளில் அந்த மணி எனக்கு வேகத்தைக் கூட்டச் சொல்லும் குறிப்பு; அன்றோ, நானும் இந்தப் போட்டியில்தான் இருக்கிறேன் என்பதற்கான சான்று. அவர் என்மீது இரக்கப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. தம் பணியைக் கடைசி ஆள் வரை குறையின்றிச் செய்தார். அதுவே என்னை நெகிழவைத்தது.

1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்ற எமில் சாட்டோபெக், அறுவை சிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகாத நிலையில் 1956 மெல்போர்ன் மாரத்தானில் ஓடி ஆறாவதாக வந்தார். அன்று தங்கம் வென்ற அலேன் மிமூன், 1948-லும் 1952-லும் அவருக்குப் பின்னே வந்து வெள்ளி பெற்றவர். வென்ற களிப்பிலும் அவர் சாட்டோபெக் வரும்வரை எல்லைக்கோட்டருகே காத்து நின்றார். வந்தவர் அவரை வாழ்த்தித் தழுவிக்கொண்டார். மிமூனின் பெருந்தன்மையை இளம் வயதிலிருந்தே வியந்திருக்கிறேன். தனக்காக ஒருவர் காத்திருப்பது பின்னால் வருபவருக்கு எத்தகைய ஆறுதல் என்பது இப்போதுதான் புரிகிறது.

அம்மா, ஓட்டம் முடிந்து உங்களைத் தேடியபோது நீங்கள் அடுத்த போட்டியின் பணிக்குப் போய்விட்டிருந்தீர்கள். பெயரைக்கூடக் கேட்க முடியவில்லை. இந்த மடல் உங்கள் பார்வைக்கு வந்தால் என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இனி நான் ஓடினாலும் பார்வையாளராக வந்தாலும், கடைசி ஆள் முடிக்கும்வரை அரங்கை விட்டு அகல மாட்டேன். ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் நடுவர் பயிற்சியில் சேர்ந்து, சுற்றுகளைக் கணக்கிடும் பணியையே கேட்டுப் பெறுவேன். அதை உங்களிடம் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு அமைந்தால் பெரிதும் மகிழ்வேன்.

நன்றியுடன்.