48 மணி நேரத்துக்கு அப்புறம் யாரு பாக்குறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்த பத்தி வந்த செய்திய படிச்சேன். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்து ரோட்டுல அடிபட்டு கெடக்குறவங்கள எந்த ஊரு, கையில காசு இருக்கான்னு கேக்காம மொத 48 மணி நேரம் பாக்குறாங்க, நல்ல திட்டம், குறை சொல்ல வாய் வராது. ஆனா தலையில அடிபட்டவங்களுக்கு அது வெறும் ஆரம்பம்தான், அதுக்கப்புறம் வர்ற வருஷங்கள யாரு பாக்குறதுன்னு யாரும் எழுத மாட்டேங்குறாங்க, அதான் நானே எழுதுறேன்.

என் தம்பி பைக்ல இருந்து விழுந்தவன் (ஹெல்மெட் டேங்க் மேல பத்திரமா இருந்துச்சு, அத பத்தி இப்ப பேசி என்ன ஆகப்போகுது). நியூரோ சர்ஜன் உசுர காப்பாத்திக் குடுத்தாரு, அதுக்கு காலம்பூரா கடமைப்பட்டிருக்கோம். மூளை வீங்குதுன்னு மண்டை எலும்புல ஒரு பகுதிய எடுத்து வயித்து தோலுக்கு அடியில வச்சு தச்சு, சில மாசம் கழிச்சு திரும்ப எடுத்து மாட்டுனாங்க. கேக்கவே பக்குனு இருக்கும், ஆனா இது வழக்கமா செய்யுறதுதானாம். இவ்வளவு பெரிய வேலைய செஞ்ச ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரில மாத்திரை பேரெல்லாம் வரிசையா போட்டுட்டு கடைசியில ‘பிசியோதெரபி’ன்னு ஒத்த வார்த்தை எழுதி அனுப்பிட்டாங்க.

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தர் வீட்டுக்கு வந்தாரு, தம்பியோட கையக் கால நீட்டி மடக்கி நடக்க வச்சாரு. நடந்துட்டான்ல, அப்போ சரியாயிட்டான்னு ஊரே சொல்லிருச்சு. வீட்டுக்குள்ள இருந்த எங்களுக்குத்தான் தெரியும், சாப்பாட்டுல உப்பு கம்மின்னா தட்டு பறக்கும், காலையில சொன்னது மதியம் ஞாபகம் இருக்காது, அரை மணி நேரம் பேசுனா அசந்து படுத்துருவான், பொண்டாட்டி பிள்ளைய கண்டா எரிஞ்சு விழுவான். சொந்தக்காரங்க ஒருத்தர் செய்வினைன்னாரு, இன்னொருத்தர் வேலைக்கு போக சோம்பேறித்தனம்னாரு. ஆறு மாசத்துக்கு மேல மூளை தேறாதுன்னு வேற ஒருத்தர் அடிச்சு சொன்னாரு, இதெல்லாம் எங்க படிச்சுட்டு வர்றாங்கன்னே தெரியல.

பிஎம்ஆர் டாக்டர்னு ஒருத்தங்க இருக்குறதே ஓபி வரிசையில பக்கத்துல உக்காந்திருந்த ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும். எம்பிபிஎஸ் முடிச்சுட்டு மறுவாழ்வு மருத்துவத்துல எம்டி படிச்ச டாக்டருங்க, பிசியோதெரபிஸ்ட் வேற இவங்க வேற. அந்த டாக்டரம்மா ஸ்கேன பாத்துட்டு, தம்பி கையில நூறு ரூபாய குடுத்து, கேன்டீன்ல ரெண்டு டீ ஒரு பன் வாங்கிட்டு மீதி சில்லறையோட வாங்கன்னு அனுப்புனாங்க. நான் பின்னாடியே போய் பாத்தேன். கவுன்டர் முன்னாடி நின்னான், ரெண்டு பேரு குறுக்க பூந்து வாங்கிட்டு போனாங்க, இவனுக்கு சுள்ளுனு கோவம் வந்து கத்திட்டு, கடைசியில ஒரு டீய மட்டும் எடுத்துட்டு சில்லறையும் வாங்காம திரும்பிட்டான். டாக்டரம்மா, கை கால் பரவாயில்ல, ஒரு வேலைய வரிசைப்படுத்தி செய்யுற இடத்துலயும் கோவத்த அடக்குற இடத்துலயும்தான் அடின்னு சொன்னாங்க. அன்னைக்குத்தான் அவன் பொண்டாட்டி ரொம்ப நாளைக்கு அப்புறம் மூச்சு விட்டா, புருஷன் வேணும்னே பண்ணலன்னு ஒரு டாக்டர் வாயால கேட்டதே அவளுக்கு பெருசு.

ஃபிட்ஸுக்கு குடுக்குற சில மாத்திரைக்கே எரிச்சல கூட்டுற குணம் உண்டாம், அத நியூரோ டாக்டர்கிட்ட பேசி வேற மாத்துனாங்க (நாமளா நிறுத்துனா ஆபத்து, அதையும் சொல்லிடுறேன்). இறுகிப்போன விரலுக்கு போடாக்ஸ் ஊசி, ஆமா சினிமாக்காரங்க மூஞ்சில போடுறாங்களே அதேதான், மூணு மாசம் போல இறுக்கம் தளரும், அந்த நேரத்துல பயிற்சி குடுத்தாத்தான் பலன். தூக்கம், விழுங்குறது, மூத்திரம், பேச்சு, திரும்ப எந்த வேலைக்கு போக முடியும்ங்குறது வரைக்கும் ஒரே ஆள் மொத்தமா பாத்து யாருகிட்ட எப்ப போகணும்னு சொல்றாங்க. அதுவரைக்கும் நாங்க ஒவ்வொரு டாக்டர் ரூமுக்கும் ஃபைல தூக்கிட்டு தனித்தனியா அலைஞ்சோம்.

மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் கதை இன்னும் மோசம். 2016 சட்டத்துல 21 வகை இருக்கு, தலைக்காயம்னு பேர் சொல்லி ஒரு வகை கிடையாது. கேம்ப்ல கையக் கால பாத்தாங்க, நடக்குறான்ல, சர்டிபிகேட்ல போடுற பாதிப்பு சதவீதம் கொறஞ்சுருச்சு. கேன்டீன்ல நடந்தத எந்த கட்டத்துல டிக் அடிக்குறது?

இத்தனைக்கும் இந்த மறுவாழ்வு மருத்துவத் துறைக்கு நாட்டுல முன்னோடியா இருந்ததுல நம்ம ஊரும் ஒண்ணு. வேலூர் சிஎம்சி டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல விபத்துல முதுகெலும்பு அடிபட்டு சக்கர நாற்காலியில உக்காந்தவங்க, உக்காந்தபடியே தொழுநோயாளிங்களுக்கு கை ஆபரேஷன் பண்ணாங்க, அமெரிக்கா போய் இந்த படிப்ப படிச்சுட்டு வந்தாங்க. 1966-லயே வேலூர் பாகாயத்துல மறுவாழ்வு மையம் வந்துருச்சு. சென்னை கே.கே.நகர்ல அரசு நிலையமும் இருக்கு. ஆனா எங்கள மாதிரி தென்காசி பக்கம் இருக்குறவங்க ராத்திரி பஸ் ஏறி போய் காட்டிட்டு வர்றதுக்குள்ள நோயாளி பாதி செத்துருவான்.

நான் கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. தலைக்காயத்துக்கு டிஸ்சார்ஜ் பண்ணும்போதே எந்த ஆஸ்பத்திரியில என்னைக்கு பிஎம்ஆர் ஓபின்னு சீட்டுல எழுதிக் குடுக்கணும், ஆறு மாசம், ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு திரும்ப வரச்சொல்லி தேதி போடணும். மாவட்ட தலைமை ஆஸ்பத்திரியில வாரத்துல ஒரு நாளாவது அந்த டாக்டர் உக்காரணும். மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோவ வீட்டுக்கே அனுப்புறாங்கல்ல, அவங்ககிட்ட ஞாபக மறதி, கோவம், தூக்கம் பத்தி கேக்க நாலு கேள்விய சேத்துக் குடுத்து, பதில அந்த டாக்டருக்கு போற மாதிரி பண்ணா போதும், இதுக்கு புது கட்டிடம் எதுவும் கட்ட வேண்டியதில்ல. சுகாதாரத்துறைல யாராவது படிப்பாங்கன்னுதான் உங்க பேப்பருக்கு எழுதுறேன், தயவுசெஞ்சு வெட்டாம போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்