வழக்கு வந்தால் வங்கிக்குச் சொல்ல வேண்டுமாம்!

ஆசிரியருக்கு,

வணக்கம். நான் காவேரிப்பட்டணத்தில் பத்திரம் எழுதுகிறவன். வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்குகிறவர்களுக்கு வட்டி, தவணை எல்லாம் அத்துப்படி. ஆனால் அந்தச் சொத்தின் மேல் யாராவது வழக்குப் போட்டால் வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கும் சேர்த்தே கையெழுத்துப் போட்டிருக்கிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

எனக்குத் தெரிந்த லேத் பட்டறைக்காரர் ஒருவர் பூர்வீக வீட்டின் மேல் கடன் வாங்கியிருந்தார். அவருடைய தங்கை பாகம் கேட்டு வழக்குப் போட்டார். பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் சம பங்கு தந்த 2005 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது எங்கள் பக்கம் அதிசயமில்லை. வந்த சம்மனை இவர் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். அப்புறம் கூடுதல் கடன் கேட்டுப் போனபோது, வங்கி வக்கீல் நீதிமன்ற இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடி வழக்கைக் கண்டுபிடித்துவிட்டார். கடனும் கிடைக்கவில்லை, மறைத்ததற்கு விளக்கம் கேட்டு நோட்டீசும் வந்தது. "ஒரு தவணைகூடத் தவறலையே சார்" என்று இன்றுவரை புலம்புகிறார்.

வங்கி கேட்பதில் தப்பில்லை. தங்கைக்குப் பாகம் தீர்ப்பானால் அடமானம் அண்ணன் பங்கோடு சுருங்கிவிடும். முன்பே தெரிந்தால் வங்கியும் வழக்கில் ஒரு தரப்பாகச் சேர்ந்து தன் பாத்தியதையைச் சொல்லலாம். வழக்குத் தாக்கலானது வில்லங்கச் சான்றில் தானாக ஏறிவிடாது. கடன் வாங்கியவர் சொன்னால்தான் வங்கிக்கு உடனே தெரியும்.

என் வருத்தமெல்லாம் அதைச் சொல்லும் விதத்தில்தான். கட்டுக் காகிதம், அத்தனையும் ஆங்கிலம். பென்சிலில் பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடனுக்கும் சிறு, நடுத்தரத் தொழில் கடனுக்கும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. வட்டியும் கட்டணங்களும் இருக்கும் அந்தத் தாளோடு, வழக்கு வந்தால் யாருக்கு, எத்தனை நாளில் தெரிவிப்பது என்று தமிழில் நாலு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும்? எது வழக்கு என்பதையும் சொல்ல வேண்டும். பாகப்பிரிவினை சரி, சாலைக்கு நிலம் எடுக்கும் நோட்டீசும் சரி. வாய்க்கால் தகராறும் காசோலை வழக்கும் இதில் வருமா? 'எந்த வழக்கானாலும்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் எவன் சொல்லுவான்? சொன்னால் மொத்தக் கடனையும் கட்டச் சொல்வார்களோ என்ற பயம் வேறு. தெரிவித்த ஒரே காரணத்துக்காகக் கடனைத் திருப்பிக் கேட்க மாட்டோம் என்று வங்கிகள் எழுதித் தரட்டும்.

அதுவரை, கடன் வாங்கியவர்கள் ஒப்பந்த நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதைத் தர வேண்டியது வங்கியின் கடமை. சம்மன் வந்தால் அதன் நகலோடு ஒரு கடிதம் கொடுத்து, உங்கள் பிரதியில் கிளை முத்திரை வாங்குங்கள். முத்திரை போடத் தயங்கினால் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். மேலாளரிடம் வாயால் சொன்னேன் என்பது உதவாது, அவர் அடுத்த வருஷமே மாற்றலாகிப் போயிருப்பார்.

இப்படிக்கு,
ஓர் ஆவண எழுத்தர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.