தொட்டியோரத்து ஊசித்தட்டான்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் வந்து சேர்ந்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. நீங்கள் கேட்டிருந்த சந்தேகத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், அதே சங்கடத்தோடு நானும் மார்கழி முழுவதும் கொல்லைத் தொட்டியோரம் குந்திக் கிடந்ததுதான்.

ஒல்லி உடல் கொண்ட சிறு தட்டானாகிய ஊசித்தட்டானைப் படமெடுக்கையில் கண் கூர்மையாக விழுந்தால் வால் கலங்கிப்போகிறது, லென்ஸில் பழுதோ என்று கேட்டிருந்தீர்கள். பழுது எதுவும் இல்லை. உங்கள் கேமராவிலும் என்னுடையதிலும் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார் ஏறக்குறைய 23.5 மில்லிமீட்டர் அகலம் உடையது; அல்லி இலைமேல் வந்து அமரும் மஞ்சள் வால்காரனோ மூன்றரை சென்டிமீட்டர் நீளம். சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கி ‘செரியாகிரியான் கோரமாண்டலியானம்’ என்று அறியப்படும் அந்தப் பூச்சி, 1:1 உருப்பெருக்கத்தில், அதாவது சென்சாரின் மேல் அதன் உண்மை அளவிலேயே விழும்போது, சட்டத்துக்குள் முழுதாக அடங்காது. அத்துடன் லென்ஸின் துளையை எஃப் 11 அளவுக்குச் சுருக்கி வைத்தாலும் அங்கே தெளிவாக விழுவது ஒரு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான ஆழம்தான். துளையை இன்னும் சுருக்கிப் பார்த்தேன். ஒளி துளையின் விளிம்பில் வளைந்து சிதறுவதால் படம் முழுவதும் மெழுகு பூசினாற்போல் ஆகிவிட்டது.

ஆகவே முழு உருவம் வேண்டுமானால் பூச்சி பாதி அளவில் விழும் 1:2 அளவுக்குப் பின்வாங்கிவிடுங்கள். ஆழம் இரண்டரை மில்லிமீட்டராகிவிடும். ஊசித்தட்டானுக்கு அது போதும். பெரிய தட்டானைப் போல இறக்கைகளை விரித்து வைக்காமல் முதுகின்மேல் சேர்த்து மடித்துக்கொள்வதால், பக்கவாட்டில் பார்க்கும்போது அது ஏறத்தாழ ஒரு தாளைப் போலத்தான் இருக்கிறது. அந்தத் தாளுக்கு நேர் இணையாகக் கேமராவைப் பிடிப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. தலை மட்டும் சுத்தியலைப் போல இருபுறமும் நீண்டிருப்பதால், நம் பக்கத்துக் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் வால் நுனி சிறிது கரையத்தான் செய்யும். அதை நான் குறையாக நினைப்பதை விட்டுவிட்டேன்.

வெயில் ஏறுவதற்குள், பனியில் உடல் விறைத்துக் கோரைத் தண்டைப் பற்றியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அப்போதும் அது சும்மா இருப்பதில்லை. நாம் நெருங்கினால் தண்டுக்குப் பின்னால் நழுவி ஒளிந்துகொள்கிறது. ஒல்லி உடல் முழுதாக மறைந்துவிட, தண்டின் இருபுறமும் இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. அந்த நேரத்தில் இடக்கையை மெல்ல அதன் பின்புறமாகக் கொண்டுபோனால், கைக்குப் பயந்து நம் பக்கம் திரும்பிவிடும். இந்தத் தந்திரம் தெரியாமல் இரண்டு வாரங்களை வீணாக்கினேன்.

பச்சைக் கண்ணுக்குள் ஒரு கரும்புள்ளி இருக்கிறது; நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அது கூடவே நகர்கிறது. “உங்களைத்தான் முறைக்கிறது” என்றாள் மனைவி. உண்மையில் அது கருவிழி அன்று. பூச்சியின் கண் பல சிற்றறைகளால் ஆனது; அவற்றுள் நமக்கு நேராக அமைந்தவை ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அவ்விடம் கறுத்துத் தெரிகிறது.

போன வாரம் ஓர் இணை கிடைத்தது. பெண் அல்லி இலை விளிம்பில் வாலை வளைத்து இலையின் சதைக்குள் முட்டையிட்டுக்கொண்டிருக்க, ஆண் தன் வால் நுனியால் அவள் கழுத்தைக் கவ்வியபடி, கால்கள் எதிலும் படாமல், நட்டுவைத்த குச்சியைப் போல நிமிர்ந்து நின்றது. பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். காற்று ஒரே ஒரு படத்துக்கு மட்டும் இடம் கொடுத்தது. அச்சிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

கொசுவுக்காகத் தொட்டியில் கப்பி மீன் விடப்போவதாக எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து சற்றுப் பொறுங்கள். வால் முனையில் இலைபோன்ற மூன்று செவுள்களோடு நீருக்குள் திரியும் ஊசித்தட்டான் குஞ்சுகளே கொசுப் புழுக்களைத் தின்பவை. மீன் அவற்றையும் சேர்த்து விழுங்கிவிடும். அதற்குப் பதிலாக நீருக்கு மேலே நீண்டு நிற்கும்படி கொஞ்சம் கோரை நட்டுவையுங்கள். குஞ்சு தோலுரித்து வெளிவர ஏறுவதற்கு ஒரு தண்டு வேண்டும்.

மாசி பிறப்பதற்குள் ஒருமுறை இங்கே வாருங்கள். லென்ஸ் என்னிடமே இருக்கிறது. உட்காருவதற்குப் பழைய சாக்கு ஒன்று மட்டும் கொண்டுவந்தால் போதும், தொட்டியோரம் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் நண்பன்