பட்டம் எடுத்த எங்கள் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? – பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு அலுவலகத்துக்கு வருகிற பெற்றோர் அநேகமாகக் கேட்பது ஒன்றைத்தான்: "சேர், எந்தப் பிரிவு எடுத்தால் கம்பஸ் கிடைக்கும்?" கம்பஸ் முடித்த பிறகு என்ன என்று கேட்பவர் குறைவு. ஆகவே, எங்களிடம் உயர்தரம் படித்துப் பட்டமும் பெற்றவர்கள் இன்று எங்கே நிற்கிறார்கள் என்று விசாரித்து எழுதித் தரும்படி பழைய மாணவர் சங்கத்தினரைக் கேட்டிருந்தேன். அவர்கள் தந்த கொப்பியை வாசித்த பிறகே இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

அதில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாயபீடத்தில் படித்தவர். பட்டம் கிடைத்தது, நியமனம் கிடைக்கவில்லை. தாயார் வீட்டுத் தேவைக்குப் பனங்கிழங்கைக் காயவைத்துச் செய்துவந்த ஒடியல் மாவையும் புழுக்கொடியலையும் பொதி செய்து விற்கத் தொடங்கினார். நேரில் போய்ப் பார்த்தேன். முற்றத்தில் பாயில் கிழங்கு காய்கிறது. பக்கத்தில் ஈரப்பதம் அளக்கும் சிறு கருவி. அளந்து, திகதியோடு குறித்த பிறகுதான் மில்லுக்குக் கொடுக்கிறார். ஈரம் மிஞ்சினால் பொதிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துவிடும், ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி வாங்க மாட்டார் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். பிரதேச செயலகத்தில் வணிகப் பெயரைப் பதிந்திருக்கிறார். விலை போடும்போது கிழங்கு, விறகு, பொதி, போக்குவரத்து எல்லாவற்றோடும் தன் உழைப்புக்கும் தாயாரின் உழைப்புக்கும் சம்பளம் சேர்த்திருக்கிறார். சொந்தத் தொழில் செய்யும் பலர் இந்தக் கடைசிக் கணக்கைப் போடுவதேயில்லை.

"கம்பஸ் முடிச்ச பிள்ளை கிழங்கு காயப்போடுது" என்று ஊரில் பேசியவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு அவரைவிட அவருடைய தகப்பனாரைத்தான் அதிகம் வருத்தியிருக்கிறது. தயவுசெய்து எந்தப் பிள்ளையைப் பற்றியும் அப்படிப் பேசாதீர்கள்.

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்திலை (அரசாங்கத்தில்) மேய்க்க வேணும்" என்பது எங்கள் அப்பப்பா, அம்மப்பா காலத்துப் பேச்சு. அதற்கு நியாயம் இருந்தது. ஆறு ஓடாத மண்ணில் படிப்பும் உத்தியோகமும் ஓய்வூதியமும்தான் பல குடும்பங்களைக் கரைசேர்த்தன. அரச வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. நானே அந்தச் சேவையில் இருப்பவன். ஆனால் 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) முன்னால் மாதக்கணக்கில் இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 2020இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகள் அரச சேவையில் பயிலுநராகச் சேர்க்கப்பட்டபோது மாதக் கொடுப்பனவு 20,000 ரூபா. அதற்காகப் பலர் எத்தனை வருடம் காத்திருந்தார்கள் என்பது அந்த வீட்டுக்காரருக்குத் தெரியும். போட்டிப் பரீட்சைக்குப் படிக்கட்டும், விண்ணப்பிக்கட்டும். காத்திருக்கிற காலத்தில் ஒரு வேலையில் கைபழகட்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

கலைப்பிரிவை இளக்காரமாகப் பேசுவதும் எனக்குக் கவலை தருகிறது. புவியியல் சிறப்புப் பட்டம் பெற்ற ஒருவர், பல்கலைக்கழகத்தில் கணினியில் வரைபடம் தயாரிக்கப் பழகியதை விடாமல் வளர்த்துக்கொண்டார். இப்போது கொக்குவிலில் வீட்டு மேல்மாடியில் இருந்தபடியே வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு அந்த வேலையைச் செய்துகொடுக்கிறார். இன்னொருவர் மருத்துவபீடத்துக்குச் சொற்ப இசற் புள்ளியால் (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் தரப்படுத்திய புள்ளி) தவறியவர். மூன்றாம் தடவையும் எழுதச் சொல்லி வீட்டில் நெருக்கினார்களாம். அவர் கைதடியில் சித்த மருத்துவம் படித்தார். இன்று சொந்தமாகச் சிகிச்சை நிலையம் நடத்துகிறார். பெரும்பாலான பல்கலைக்கழகப் பாடநெறிகளின் இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றன. இவ்வளவு இறுக்கமான போட்டியில் ஒரு பீடத்தை மட்டுமே நம்பிப் பிள்ளையை நிறுத்துவது பெரும் பாரம்.

நல்ல செய்தி மட்டும் அந்தக் கொப்பியில் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போன பொறியியற் பட்டதாரி ஒருவர், தகைமை ஏற்கப்படும்வரை களஞ்சியசாலையில் இரவு வேலை செய்கிறார். வீட்டாருக்கு இன்னும் சொல்லவில்லையாம். தன் பெயரை வாசிக்க வேண்டாம், ஆனால் விசயத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் என்று எழுதியிருக்கிறார். அவர் நேர்மையாக உழைக்கிறார், எங்களுக்கு அவரும் பெருமைதான்.

வருகிற சனிக்கிழமை காலை 9 மணிக்குப் பிரதான மண்டபத்தில் இவர்களில் சிலர் உங்களோடும் பதினோராம் தரப் பிள்ளைகளோடும் பேச வருகிறார்கள். எவ்வளவு சம்பளம் என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், பட்டம் முடித்த முதல் வருடத்தை எப்படிச் சமாளித்தார்கள், யார் உதவினார்கள், எந்தப் பாடம் கைகொடுத்தது என்று கேளுங்கள். தாய்மாரோடு தகப்பன்மாரும் வர வேண்டும். சனிக்கிழமை தொழிலுக்குப் போகிறவர்கள் கிழமை நாட்களில் பாடசாலை விட்ட பிறகு என்னை அலுவலகத்தில் சந்திக்கலாம். முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை.

உயர்தரப் பாடத்தெரிவுப் படிவம் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. கூட்டத்துக்குப் பிறகு, பிள்ளையோடு இருந்து பேசி நிரப்புங்கள். பிள்ளையின் கையொப்பம் இல்லாத படிவத்தை வகுப்பாசிரியர் ஏற்க மாட்டார்.

இப்படிக்கு,
அன்புடன்,
அதிபர்