லக்ராஸ் யாருடைய ஆட்டம்?

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. "அமெரிக்காவும் கனடாவும் பழங்குடி வீரர்களைத் தங்கள் அணிகளில் எடுத்துக்கொள்கின்றனவே, அவர்களுக்குத் தனி அணி எதற்கு?" என்று கேட்டிருக்கிறாய். பொதுப்படையாகப் பேசினால் இதற்கு விடை வராது. வட அமெரிக்கப் பழங்குடிகளான ஹோடினஷோனி மக்களையும், வலை கட்டிய மட்டையால் பந்தைப் பிடித்து எறிந்து ஆடும் லக்ராஸையும் எடுத்துக்கொள்.

மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா என்று ஆறு இனங்களின் கூட்டமைப்பு அது. நியூயார்க், ஒன்டாரியோ, கியூபெக் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். நாட்டு எல்லைதான் பிறகு வந்து அவர்களுக்கு நடுவே விழுந்தது. லக்ராஸ் அவர்கள் வீட்டு ஆட்டம். ஹிக்கரி மரத்தைப் பிளந்து, செதுக்கி, ஆவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் உலர்த்திச் செய்கிற மட்டை. நோயாளி குணமாகவும் ஆடுவதால் அதை மருந்தாட்டம் என்பார்கள். ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு குட்டி மட்டை, அவன் வாழ்ந்து முடித்து இறக்கும்போது சவப்பெட்டியிலும் ஒன்று. இவர்களைத்தான் 1880இல் கனடாவின் லக்ராஸ் சங்கம், காசு வாங்கி ஆடுகிறார்கள் என்று சொல்லித் தள்ளிவைத்தது.

ஹோடினஷோனி தேசிய அணி 1983இல் உருவானது. 1990இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் உலகப் போட்டியில் சொந்தப் பாஸ்போர்ட்டோடு போய் ஆடினார்கள். 2014, 2018, 2023 உலகப் போட்டிகள் மூன்றிலும் வெண்கலம். உள்ளரங்க உலகப் போட்டியில் 2003 முதல் 2019 வரை நடந்த ஐந்திலும் வெள்ளி. ஆகவே தகுதியைப் பற்றி யாரும் வாயைத் திறக்க முடியாது.

சிக்கல் காகிதத்தில் இருக்கிறது. 2010இல் மான்செஸ்டர் போட்டிக்குக் கிளம்பிய அணி நியூயார்க்கிலேயே நின்றுவிட்டது. பாஸ்போர்ட்டில் சில பகுதிகள் கையெழுத்தாக இருந்தன. பாதுகாப்பு அம்சங்கள் போதாது என்றார்கள். அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளின்டன் ஒருமுறைச் சலுகை கொடுத்தும் பிரிட்டன் விசா தரவில்லை. இங்கிலாந்தோடு ஆட வேண்டிய முதல் ஆட்டம் ஆடாமலே போனது. அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் போயிருக்கலாமே என்பாய். அதை எடுத்துக் காட்டிய நிமிடமே தனி தேசம் என்ற உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுத்ததாகிவிடும்.

2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் வருகிறது. பக்கத்துக்கு ஆறு பேர், எட்டு நிமிடம் வீதம் நான்கு கால்பகுதி. ஒலிம்பிக் சாசனத்தின் 30ஆம் விதி, நாடு என்றால் உலக நாடுகள் ஏற்றுக்கொண்ட சுதந்திர அரசு என்கிறது. அமெரிக்க ஆட்சிப் பகுதிகளான போர்ட்டோ ரிக்கோ, குவாம் போன்றவை, 1996இல் இந்த விதி வரும் முன்பே உள்ளே வந்துவிட்டதால் தப்பின. நிறையப் பேர் இங்கேதான் சறுக்குகிறார்கள்: ஹோடினஷோனிக்கும் ஒரு நாட்டுக்கு இருப்பதுபோல் முழு ஒலிம்பிக் குழு வேண்டும் என்று வாதாடுகிறார்கள். அந்தக் கதவு இந்த விதி இருக்கும்வரை திறக்காது. கேட்க வேண்டியது இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு. அகதிகள் அணி 2016இல் வந்தது, இரு கொரியாக்களின் கூட்டு ஐஸ் ஹாக்கி அணி 2018இல் வந்தது. முன்மாதிரி இல்லை என்று சொல்ல முடியாது.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஆண், பெண் பிரிவுக்கு ஆறு அணிகள்தான். இவர்களுக்கு ஓரிடம் என்றால் வேறொரு நாட்டின் இடம் போகும். 2022 உலக விளையாட்டுப் போட்டியில் அயர்லாந்து தன் இடத்தை இவர்களுக்காகத் தானாகவே விட்டுக்கொடுத்தது. எல்லா நாடும் அயர்லாந்து இல்லையே.

எல்லாப் பழங்குடிக்கும் எல்லா ஆட்டத்திலும் தனி அணி என்பதை நான் ஏற்கவில்லை. நியூசிலாந்துப் பழங்குடிகளான மாவோரிகள் பெரும்பான்மையாக இருந்த ரக்பி அணி 1888-89 பயணத்திலேயே 107 ஆட்டம் ஆடியது. இன்றைய மாவோரி அணி நியூசிலாந்து ரக்பி சங்கத்தின் கீழேயே நடக்கிறது, உலகக் கோப்பைக்குப் போவதில்லை. யார் தன் குடி என்று தானே தீர்மானிக்கிற ஆட்சி, சொந்த விளையாட்டு அமைப்பு, உலகச் சங்கத்தில் உறுப்புரிமை, இந்த மூன்றும் இருந்தால் தனி அணி நியாயம். ஹோடினஷோனிக்கு மூன்றும் உண்டு. (தமிழீழக் கால்பந்து அணி 2014இலும் 2018இலும் ஆடியதே என்று உன் தம்பி குறுக்கே வருவான். அது கோனிஃபா போட்டி, உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபாவுக்கு வெளியே நடப்பது. இந்த விதிகள் அங்கே பேசாது.)

உன் கேள்விக்கு நேரான பதில் 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் இருக்கிறது. மோஹாக் வீரர்களின் அணி லக்ராஸில் வெண்கலம் வென்றது. பதக்கப் பட்டியலில் அது கனடாவின் பெயரில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா